ஐந்து மில்லிமீட்டர்

சித்திரை. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில்
ஐஸ்பெட்டிக்கே வியர்க்கிறது.
நான் கழுத்துவரை கறுப்பு ரப்பருக்குள்.
“அடுப்பு மேல உட்கார கம்பளியா?” என்கிறான்
படகு ஓட்டும் தேசிங்கு, தினமும்.
தினமும் நான் பதில் சொல்வதில்லை.
இருபது மீட்டருக்குக் கீழே அவன் போனதில்லை.

அங்கே ஒரு கோடு இருக்கிறது.
தார்ச்சாலையில் கானல் நெளிவதுபோல்
தண்ணீருக்குள் தண்ணீர் நெளியும்.
கோட்டுக்கு மேலே வெயிலில் வைத்த வாளி.
கீழே நீட்டிய விரல்களுக்கு மட்டும் மார்கழி.
இருபத்தொன்பது காட்டிய கடிகாரம்
இருபத்திரண்டு என்கிறது.
ஏழு டிகிரிதானே என்பீர்கள்.
ஏசி அறையில் இருபத்திரண்டு சுகம்.
தண்ணீரில் அது கடன்காரன்:
குரலை உயர்த்தாமல் வந்து உட்கார்ந்து
உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டே இருப்பான்.

இந்த உடை என்னுடையதல்ல.
பிரெஸ்ட் ஊருக்கே திரும்பிவிட்ட யானிக்
மூவாயிரம் ரூபாய்க்குத் தள்ளிவிட்டுப் போனது.
தோள் அவனுக்கு. இடுப்பு அவனுக்கு.
நான் உள்ளே குடியிருக்கிறேன், வாடகைக்கு.
குனிந்தால் சிலிண்டருக்குக் கீழே ஒரு பை உண்டாகும்.
நிமிர்ந்தால் அது காலியாகி
புதுக் குளிர் வந்து நிரம்பும்.

பலருக்குத் தெரியாது,
இந்த உடை தண்ணீரைத் தடுப்பதில்லை.
கொஞ்சம் உள்ளே விடும்,
பிறகு வெளியே விடாது.
வந்த தண்ணீரை நாம்தான் சூடாக்க வேண்டும்.
ஒருமுறை சூடாக்கினால் போதும், உடல் பிடித்த உடையென்றால்.
எனக்கு
ஒவ்வொரு அசைவுக்கும் முதலிலிருந்து.

முத்தியால்பேட்டையில்
ஜீன்ஸ் இடுப்பு பிடித்துத் தரும் கனிராவுத்தர்
“துணியா இது?” என்று முகர்ந்து பார்த்தார்.
இரண்டு ஊசி உடைந்தது. பிடித்துக் கொடுத்தார்.
ஊசி போன துளைகள் வழியே
வங்காள விரிகுடா வரிசையில் நின்று வந்தது.
பிறகு சைக்கிள் கடை பஞ்சர் சொல்யூஷன்,
மூன்று ட்யூப், ஒரு ராத்திரி,
வீடு முழுக்க டயர் வாசம்.
பக்கவாட்டுத் தையல் அடைந்தது.
முதுகுப் பை அப்படியே.

இன்று நானும் லெயோனியும் வலை வெட்டப் போனோம்.
யாரோ தொலைத்த வலை. தொலைந்தபிறகும்
விடாமல் மீன் பிடித்துக்கொண்டிருந்தது.
பதினேழாவது நிமிடத்தில்
என் விரலுக்குக் கத்தி தெரியவில்லை.
வாய்க்குழாயில் பற்கள் தந்தி அடித்தன.
குளிர்ந்தவள் காற்றை அதிகம் குடிப்பாள்,
முள் எழுபதுக்கு இறங்கியிருந்தது.

லெயோனி இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டித்
தேய்த்துக் காட்டினாள். குளிருதா?
கடலடியில் பொய்க்கும் சைகை உண்டு:
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம்.
அதைக் காட்டினேன்.
வட்டம் நடுங்கியது.

அவள் எதுவும் கேட்கவில்லை. பின்னால் வந்து
சிலிண்டருக்கு அடியில் அந்தப் பையைக்
கைமுட்டிக்குள் சுருட்டிப் பிடித்தாள்,
பேருந்தில் கம்பி பிடிப்பவள் மாதிரி.
மற்றக் கையின் கட்டைவிரல் மேலே காட்டியது.

ஏறினோம். கோட்டைத் தாண்டினோம்.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்.
சுற்றிலும் வெதுவெதுப்பு. இனித் தேவையில்லை.
அவள் பிடியை விடவில்லை.
உள்ளே வந்த தண்ணீர் முதல்முறையாக
எங்கும் போகாமல் என்னோடு இருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன்:
அங்கேதான் உடைக்குள் சிறுநீர் விட்டேன்.
எல்லோரும் விடுகிறோம், யாரும் சொல்வதில்லை.
அரை நிமிடச் சூடு. சொந்தச் சம்பாத்தியம்.
லெயோனிக்குத் தெரிந்திருக்கும்.
முட்டியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள்.

படகில் தேசிங்கு பிளாஸ்க்கைத் திறந்து
என் கழுத்துப் பட்டியை இழுத்து ஊற்றினான்.
வெந்நீர் நெஞ்சு, வயிறு, தொடை என்று
ஒவ்வொரு இடமாக விசாரித்து இறங்கியது.
“இன்னைக்கு டீத்தூள் போடல” என்றான்,
வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

வலை பாதி கீழே இருக்கிறது.
நாளைக்கும் இதே ரப்பர்.